முதல் வருஷத்துக் கணக்கு

ஒரு நாவலின் கடைசி அத்தியாயம் சப்பென்று இருந்துவிட்டால், அதற்கு முந்திய முப்பது அத்தியாயங்களையும் சேர்த்து மூலையில் எறிந்துவிடுகிற வாசகர்கள் உண்டு. நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் அவர்களோடு எனக்கு நல்ல பழக்கம். முடிவு பிடிக்கவில்லை என்று கடிதம் போடுவார்கள். நடுவில் எந்த இடத்தில் கதை கையை விட்டு நழுவியது என்பதை மட்டும் ஒருவரும் எழுதமாட்டார்கள். விளையாட்டை ரசிக்கிறவர்களிலும் பெரும்பாலோர் இந்த ரகம்தான். அமெரிக்காவில் ஆஸ்டின் நகரத்து டெக்ஸாஸ் சர்வகலாசாலைக்குப் புதிதாக வந்து சேர்ந்த பேஸ்பால் பயிற்சியாளர் ஜிம் ஷ்லாஸ்நேகலின் முதல் சீசனை அப்படித்தான் வாசித்து முடித்துவிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். அந்த 2025-ஆம் வருஷத்து சீசனை முதல் பக்கத்திலிருந்து ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 44 வெற்றி, 14 தோல்வி. டெக்ஸாஸ் அந்த வருஷந்தான் ஸௌத் ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் என்ற, பதினாறு கல்லூரிகள் கொண்ட சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தது. கல்லூரி பேஸ்பாலில் அதைவிடக் கடினமான சங்கம் கிடையாது. காலடி வைத்த முதல் வருஷமே சங்கத்தின் பட்டத்தை டெக்ஸாஸ் தட்டிக்கொண்டது. தேசியப் போட்டிக்கு 64 கோஷ்டிகளைப் பொறுக்கியபோது, டெக்ஸாஸுக்கு இரண்டாவது ஸ்தானம் கொடுத்தார்கள். ஆனால் போட்டியின் முதல் சுற்றிலேயே, அதுவும் சொந்த மைதானத்திலேயே, பக்கத்து ஊரான சான் அண்டோனியோவின் கல்லூரியிடம் இரண்டு முறை தோற்று வெளியேறியது. அந்தக் கல்லூரியும் டெக்ஸாஸ் சர்வகலாசாலை என்ற பெயரைத் தாங்கியதுதான். ஒரே நிர்வாக சபையின் கீழ் இருப்பது. வீட்டுக் கூடத்தில் தங்கையிடம் அடி வாங்கின மாதிரி.

இந்தத் தோல்வி இவ்வளவு பேசப்பட்டதற்குக் காரணம் பேஸ்பால் மட்டுமல்ல. அந்த மனிதர் ஆஸ்டினுக்கு வந்து சேர்ந்த விதமும் ஒரு காரணம்.

ஷ்லாஸ்நேகல் 2004 முதல் 2021 வரை பதினெட்டு சீசன்கள் டெக்ஸாஸ் கிறிஸ்தவ சர்வகலாசாலையில் இருந்தவர். கல்லூரி பேஸ்பாலின் கடைசிக் கட்டம் நெப்ராஸ்கா மாகாணத்து ஒமாஹா நகரில் எட்டே எட்டு கோஷ்டிகளுக்கு இடையே நடக்கும். ஒமாஹாவைக் கண்ணாலும் கண்டிராத அந்தக் கல்லூரியை 2010-ல் அங்கே முதன்முதலாகக் கூட்டிச் சென்றவர் அவர். அந்த வருஷம் ஒமாஹாவுக்கு வழி திறந்தது, ஆஸ்டினிலேயே டெக்ஸாஸைத் தோற்கடித்ததால்தான். பிறகு 2014 முதல் 2017 வரை தொடர்ந்து நான்கு தடவை போனார். 2021 சீசன் முடிந்ததும் டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் என்ற கல்லூரிக்கு மாறினார். டெக்ஸாஸுக்கும் ஏ அண்ட் எம்முக்கும் இடையே உள்ள பகை பரம்பரைப் பகை. இரண்டு ஊர்களுக்கும் நடுவே சுமார் நூறு மைல்தான். மனசுக்கு மனசு அதைவிட அதிக தூரம்.

2024-ல் ஏ அண்ட் எம் கோஷ்டியை அவர் ஒமாஹாவின் இறுதிப் போட்டி வரைக்கும் கொண்டுபோனார். மூன்று ஆட்டங்களில் இரண்டை ஜயிக்க வேண்டும். முதல் ஆட்டம் ஜயம், இரண்டாவது தோல்வி, மூன்றாவதில் டென்னஸியிடம் 6-5 என்ற கணக்கில், ஒரே ஒரு ரன்னில் பட்டம் போயிற்று. ஜூன் 24-ஆம் தேதி இரவு. நிருபர்கள் கூடியிருந்த அறையில் ஒருவர், டெக்ஸாஸில் காலியாகும் இடத்துக்கு உங்கள் பெயர் அடிபடுகிறதே என்று கேட்டார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. இனி வேறு எந்த வேலைக்கும் போக வேண்டாம் என்பதற்காகவே இந்த வேலையை ஏற்றதாகச் சொன்னார். மறுநாள் அவர் டெக்ஸாஸின் பயிற்சியாளர். டெக்ஸாஸில் விளையாட்டுத் துறையைக் கவனிக்கும் கிரிஸ் டெல் கான்டே, கிறிஸ்தவ சர்வகலாசாலை நாட்களில் அவருக்கு மேலதிகாரியாக இருந்தவர், பழைய சிநேகம். சிநேகம் காரணத்தை விளக்கலாம். அந்த இரவு சொன்ன சொல்லை விளக்காது.

ஆக, 2025 சீசன் தொடங்கும்போதே பார்க்கிறவர்கள் மனத்தில் ஒரு கதை தயாராக இருந்தது. நூறு மைலுக்கு அப்பாலிருந்தவர்களுக்கு அது துரோகியின் கதை. ஆஸ்டின்காரர்களுக்கு மீட்பனின் கதை. டெக்ஸாஸ் சாமானியமான கல்லூரி அல்ல. 1949, 1950, 1975, 1983, 2002, 2005 என்று ஆறு முறை தேசியப் பட்டம் பெற்றது. ஒமாஹாவுக்கு வேறு எந்தக் கல்லூரியையும்விட அதிகத் தடவை போனது. ஆனால் ஆகி கரிடோ வாங்கிக் கொடுத்த 2005 பட்டத்துக்குப் பிறகு இருபது வருஷமாகக் கை வெறுமை. ஷ்லாஸ்நேகலுக்கு முன்பு இருந்த டேவிட் பியர்ஸ் மூன்று முறை ஒமாஹாவுக்குக் கொண்டுபோனவர்தான், அது போதவில்லை. அவருடைய கடைசி வருஷமான 2024-ல் 36 வெற்றி, 24 தோல்வி. அந்த வருஷம் டெக்ஸாஸ் தேசியப் போட்டியிலிருந்து வெளியேறியதும் ஏ அண்ட் எம்மின் ஊரில், ஷ்லாஸ்நேகலின் பையன்கள் கொடி நாட்டிய சுற்றில்தான். தன்னை வீட்டுக்கு அனுப்பிய ஊரின் கோச்சையே அந்த மாதமே வீட்டுக்கு அழைத்துக்கொண்டது டெக்ஸாஸ்.

பேஸ்பால் பரிச்சயமில்லாத வாசகர்களுக்காக ஒரு விஷயம். இந்த ஆட்டத்தில் பந்தெறிகிறவன்தான் எல்லாம். கிரிக்கெட்டில் ஒரு வேகப்பந்து வீச்சாளர் மறுநாளும் பந்து போடலாம். பேஸ்பாலில் முழு ஆட்டம் எறிந்த பையன் அநேகமாக ஒரு வாரம் தோளை ஆறப்போட வேண்டும். சங்கத்து ஆட்டங்கள் வாரக் கடைசியில் மூன்று மூன்றாக நடக்கும். பத்து வாரம், முப்பது ஆட்டம். வெள்ளிக்கிழமைக்கு ஒருவன், சனிக்கு ஒருவன், ஞாயிற்றுக்கு ஒருவன், அவர்கள் தளர்ந்தால் கைகொடுக்க நாலைந்து பேர், ஜயிக்கிற ஆட்டத்தைக் கடைசியில் முடித்து வைக்க ஒரு நம்பிக்கையான கை. கல்லூரிப் பயிற்சியாளரின் சாமர்த்தியத்தில் பாதி, இந்தத் தோள்களைச் செட்டாகச் செலவு செய்வது. மீதிப் பாதி, யாரை எந்த ஊரிலிருந்து பிடித்து வருவது. இந்தக் காலத்தில் பையன்கள் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு வருஷம் கூடச் சும்மா உட்காராமல் மாறிக்கொள்ளலாம். அதனால் புதிதாக வருகிற கோச் நாலு வருஷம் விதை போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் கோடையிலேயே பாதிக் கோஷ்டியை மாற்றிவிடலாம். முதல் வருஷம் என்பதற்கு முன்பெல்லாம் கிடைத்த சலுகை இப்போது கிடைக்காததற்கு இது ஒரு நியாயமான காரணம்.

ஷ்லாஸ்நேகல் அந்த வேலையைப் பொறுக்கியெடுத்துச் செய்தார். பியர்ஸ் விட்டுப்போன சரக்கில் நல்லதை வைத்துக்கொண்டார். மட்டையடிக்கும் மாக்ஸ் பெல்யூ, பந்து பிடிக்கும் ரைலன் கால்வன், ஷார்ட்ஸ்டாப் ஜேலின் ஃப்ளோரெஸ், இடது கையால் எறியும் லூக் ஹாரிசன் எல்லோரும் முன்பே இருந்தவர்கள். அரிஸோனா ஸ்டேட்டிலிருந்து ஈதன் மெண்டோஸா வந்தார். இண்டியானா ஸ்டேட்டிலிருந்து ஜாரெட் ஸ்பென்ஸர் என்ற இடது கை எறிகாரர். பின்னால் டெக்ஸாஸின் கதையை முடித்து வைத்த அதே சான் அண்டோனியோவிலிருந்து ரூகர் ரியோஜாஸ். நாவலில் நான் இப்படி எழுதியிருந்தால் செயற்கை என்று ஆசிரியர் அடித்திருப்பார்! ஏ அண்ட் எம்மில் தம்மோடு இருந்த எறிபயிற்சி ஆசான் மாக்ஸ் வைனரையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஆனால் பழைய ஆட்களில் உதவிப் பயிற்சியாளர் டிராய் டுலோவிட்ஸ்கியை நிறுத்திக்கொண்டார். புதிதாக வரும் அதிகாரி முந்தியவரின் ஆட்களை ஒருவர் விடாமல் துரத்துவதுதான் உலக வழக்கம். இவர் அப்படிச் செய்யவில்லை என்பதை அவர் பக்கத்தில் வரவு எழுத வேண்டும்.

பிறகு நடந்ததை நம்புவது கஷ்டம். சங்கத்தின் முதல் ஏழு வாரங்களில் 21 ஆட்டங்கள், 19-ல் ஜயம். அந்தப் பத்தொன்பதில் கடைசி மூன்று, ஏப்ரல் கடைசியில் ஆஸ்டினுக்கு வந்த ஏ அண்ட் எம் கோஷ்டிக்கு எதிராக. மூன்றில் மூன்று. டெக்ஸாஸ் தேசத்தின் முதல் கோஷ்டி என்று கொண்டாடப்பட்ட வாரம் அது. முதல் வருஷ மாணவன் ஒருவன், டிலன் வோலான்டிஸ் என்ற நெட்டைப் பையன், ஆட்டங்களை முடித்து வைக்கிற வேலையைப் பத்து வருஷம் பழகியவன் போலச் செய்தான். சங்கத்தின் சிறந்த புதுமுகம் என்ற பரிசும் அவனுக்கே கிடைத்தது. பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பையன் கையில் ஜயத்தின் கடைசிப் பந்துகளைக் கொடுக்கப் பயிற்சியாளருக்குத் துணிச்சல் வேண்டும். இந்த சீசனில் எனக்கு மிகவும் பிடித்த காரியம் எது என்று கேட்டால், ஏ அண்ட் எம்மை வென்றதைச் சொல்லமாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

இங்கேதான் என்னுடைய வழக்கு. கதை நழுவியது ஜூன் மாதத்தில் அல்ல, மே மாதத்தில்.

ஏ அண்ட் எம்முடன் ஆடிய அந்தத் தொடரிலேயே பெல்யூவின் கட்டைவிரல் அடிபட்டு அவர் பல வாரம் ஆட முடியாமல் போயிற்று. ஸ்பென்ஸரின் தோள் அதற்குள் கெட்டு, அவர் சீசனே முடிந்தது. அடுத்த வாரம் ஆர்கன்ஸாஸுக்குப் போனார்கள், மூன்றிலும் தோல்வி. அதற்கடுத்து சொந்த ஊரில் ஃப்ளாரிடாவிடம் மூன்றில் இரண்டு. கடைசி வாரம் ஓக்லஹாமாவில் மூன்றில் இரண்டை ஜயித்துப் பட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். சங்கத்துக் கணக்கு 22 வெற்றி, 8 தோல்வி. புத்தகத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் அதைப் பிரித்துப் பாருங்கள்: முதல் ஏழு வாரம் 19-2; கடைசி மூன்று வாரம் 3-6. இரண்டு வேறு கோஷ்டிகளின் கணக்கை ஒரே ஏட்டில் எழுதியது போல. சங்கத்தின் வருஷக் கடைசிப் போட்டியிலும் டென்னஸியிடம் பன்னிரண்டு இன்னிங்ஸ் இழுத்து, ஒரே ஆட்டத்தோடு திரும்பினார்கள்.

தேசியப் போட்டியின் முதல் சுற்று நான்கு கோஷ்டிகள் கொண்டது. இரண்டு தடவை தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஹூஸ்டன் கிறிஸ்தவக் கல்லூரியை 7-1 என்று வென்றார்கள். சான் அண்டோனியோவிடம் 9-7 என்று தோற்றார்கள். கான்ஸாஸ் ஸ்டேட்டை 15-8 என்று வென்றார்கள். மறுபடி சான் அண்டோனியோவிடம் 7-4. கடைசி மூன்று ஆட்டங்களில் எதிரிகள் எடுத்த ரன்களைக் கூட்டிப் பாருங்கள்: ஒன்பது, எட்டு, ஏழு, 24. பந்தெறிதலால் பட்டம் வாங்கிய கோஷ்டி இது! இதில் சான் அண்டோனியோவின் பெருமையைக் குறைக்கக் கூடாது. பாட் ஹால்மார்க்கின் பையன்கள் பெரிய பெயரைக் கண்டு மிரளவில்லை. அந்தக் கல்லூரி அதற்கு முன்பு அடுத்த சுற்றைப் பார்த்ததே இல்லை. அவர்களும் கெட்டிக்காரர்கள், இவர்களும் களைத்திருந்தார்கள். ஒரு நல்ல எறிகாரன் படுத்துவிட்டால், அவன் பாரம் மற்ற தோள்களில் ஏறும். அதற்கான மாற்று ஏற்பாடு மே முதல் வாரத்திலேயே கண்ணில் பட்டிருக்க வேண்டும், பட்டதாகத் தெரியவில்லை. இந்தப் பயிற்சியாளரிடம் நான் காணும் குறை இதுதான். ஆட்கள் இல்லை என்று சொல்லலாம். ஆனால் ஆட்களைத் தேடிப் பிடிப்பதில் பேர் வாங்கியவரல்லவா அவர்? ஏழு வாரத்து ஓட்டத்தில் மூன்றாவது, நான்காவது எறிகாரனைப் பழக்கி வைக்க அவகாசம் இருந்தது. அதைச் செய்திருந்தாலும் தோற்றிருக்கலாம். அப்போது இந்தக் குறையை நான் எழுத மாட்டேன்.

ஆனால் மற்றவர்கள் அந்த ஜூன் தோல்வியை எறிகாரர் கணக்காகவா பார்த்தார்கள்? ஒமாஹாவில் சொன்ன வார்த்தைக்குக் கிடைத்த தண்டனையாகப் பார்ப்பதில்தான் ருசி அதிகம். வார்த்தை தவறியவன் சொந்த வாசலில் விழுந்தான் என்றால், கதை கேட்கிறவர்களுக்குத் திருப்தி. எனக்கும் இந்த ஆசை புரியாததல்ல. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய சபலம் கிடையாது. கஷ்டம் என்னவென்றால், இந்தக் கதையில் தர்ம தேவதை கணக்கில் மோசம். விட்டுப் போனவர் பட்டம் வாங்கினார். விடப்பட்டவர்கள் என்ன ஆனார்கள்? ஏ அண்ட் எம்மில் ஜேஸ் லாவயலெட், ரையன் ப்ரேகர் போன்ற நட்சத்திரப் பையன்கள் போகாமல் நின்றார்கள். பையன்கள் விரும்பிய உதவிப் பயிற்சியாளர் மைக்கேல் எர்லியே தலைமைக்கு வந்தார். சீசனுக்கு முன்னால் தேசத்திலேயே முதல் கோஷ்டி என்று கணித்தார்கள். முடிவு: 30 வெற்றி, 26 தோல்வி, தேசியப் போட்டிக்கு அழைப்பே வரவில்லை. எர்லிக்கும் அது முதல் வருஷந்தான். ஷ்லாஸ்நேகலின் தோல்வி தண்டனை என்றால், விசுவாசமாக நின்ற இந்தப் பையன்களுக்குக் கிடைத்தது எதற்குத் தண்டனை?

ஏப்ரலில் ஆஸ்டின்காரர்கள் செய்ததும் இதன் மறுபக்கந்தான். ஜயித்தவரைக்கும் அந்த வார்த்தையைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை. வெற்றி மலிவாக மன்னித்தது, தோல்வி மலிவாகப் பழிவாங்கியது. அவர் சொன்ன சொல் தவறானது என்றால், 44 வெற்றிக்குப் பிறகும் தவறு. ஒமாஹாவில் பட்டமே வாங்கியிருந்தாலும் தவறு. அந்தக் கடன் ஏ அண்ட் எம் பையன்களிடம் இருக்கிறது. அதை ஆஸ்டின் மைதானத்துப் பலகையில் தேடிப் பிரயோஜனமில்லை.

இன்னொன்று. இதே மனிதருக்கு இதற்கு முன்னும் ஒரு முதல் வருஷம் இருந்தது. 2021-ல் 29 வெற்றி, 27 தோல்வி என்று தள்ளாடிய ஏ அண்ட் எம்மை ஏற்று, 2022-ல் 44 வெற்றி, 20 தோல்வி என்று ஒமாஹாவுக்குக் கொண்டுபோனார். அங்கேயும் 44, இங்கேயும் 44! முதல் 44-ஐ அதிசயம் என்றார்கள். இரண்டாவது 44 ஏமாற்றம். நியாயமாகச் சொன்னால் முதலாவதுதான் பெரிய காரியம். படுத்திருந்ததை எழுப்பியது அது. ஆஸ்டினில் அவர் எடுத்துக்கொண்டது நடக்கக்கூடிய கோஷ்டி. அதை ஓட வைத்தார், மூச்சு வாங்குவதைக் கவனிக்கத் தவறினார்.

அதே 2022-ல் ஜே ஜான்ஸன் என்பவர் லூயிஸியானா ஸ்டேட்டில் முதல் வருஷம் ஆடினார். 40 வெற்றி, 22 தோல்வி. இவரைப் போலவே முதல் சுற்றில் வெளியேற்றம். மறுவருஷமே தேசியப் பட்டம், 2025-ல் மறுபடியும் பட்டம். ஆகவே முதல் சுற்றுத் தோல்வி எதற்கும் ஜாதகம் அல்ல. அந்த 2025-ல் ஜான்ஸனிடம் இறுதியில் தோற்ற கோஸ்டல் கரோலினாவின் பயிற்சியாளர் கெவின் ஷ்னாலுக்கோ தலைமைப் பதவியில் அதுதான் முதல் வருஷம். அந்தக் கல்லூரியிலேயே ஆடி, நெடுங்காலம் உதவியாளராக இருந்து, காரி கில்மோர் ஓய்வு பெற்றதும் பொறுப்பேற்றவர். 56 வெற்றி, 13 தோல்வி. தொடர்ந்து 26 ஆட்டம் ஜயித்துக்கொண்டு இறுதிக்கு வந்தார். கடைசி ஆட்டத்தில் முதல் இன்னிங்ஸிலேயே நடுவரோடு வாதாடி மைதானத்தை விட்டு வெளியேற்றப்பட்டார், பாவம். வெளியிலிருந்து பெரும் சம்பளத்துக்கு அழைத்து வரப்பட்டவர் முதல் சுற்றோடு நிற்க, வீட்டிலேயே வளர்ந்தவர் இறுதி வரை போனார் என்று இதையும் ஒரு நீதிக்கதையாக்கலாம். ஆனால் எர்லியும் வீட்டு ஆள்தானே?

ஷ்லாஸ்நேகலின் முதல் சீசன் நல்ல சீசன் என்பதே என் தீர்ப்பு. ஆர்கன்ஸாஸில் உடைந்ததை ஒட்டாமல் விட்ட நல்ல சீசன். அவர் அடுத்த வருஷம் ஒட்டிக்கொள்ளலாம். 2025 வரையில் அவர் ஏழு தடவை ஒமாஹாவுக்குப் போய்ப் பட்டமில்லாமல் திரும்பியவர், காத்திருந்து பழக்கப்பட்டவர். முதல் வருஷம் என்ற பேச்சே பயிற்சியாளருக்குத்தான் பொருந்துகிறது. மாக்ஸ் பெல்யூவுக்கு அது ஆஸ்டினில் கடைசி வருஷம். கட்டைவிரலில் அடிபட்டு, அந்த மே மாதத்தின் பெரும்பகுதியை வெளியே உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஜூலையில் கொலராடோ ராக்கீஸ் தேர்ந்தெடுக்க, தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டார்.